எசுபானியம் படித்து என்ன செய்வாள்?



கடந்த மாதம் எங்கள் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். எங்களிடம் ஆறு ஆண்டுகள் பயின்று சென்ற மாணவி ஒருத்தியைப் பற்றிப் பேச்சு எழுந்தது. அவள் இப்போது பல்கலைக்கழகத்தில் எசுபானிய மொழியைப் பட்டப் படிப்பாகப் பயில்கிறாள். அவளுடைய வகுப்பினர் ஒரு குறுநாடகத்தை எசுபானிய மொழியிலேயே மேடையேற்றினர் என்றும், அதில் அவள் பாட்டி வேடம் ஏற்றாள் என்றும் மகிழ்ச்சியோடு சொன்னேன்.

உடனே ஒரு தந்தையார் கேட்டார்: “எசுபானியம் படித்து என்ன செய்வாள், ஐயா? பாட்டி வேடம் போடவா பல்கலைக்கழகம்?”

எல்லாரும் சிரித்தனர். பெற்றோர் சிரித்ததில் எனக்கு வருத்தம் இல்லை. சிரித்தவர்களுள் ஆசிரியர்களும் இருந்தனரே, அதுதான் நெஞ்சில் தைத்தது. அன்று நான் மறுமொழி கூறாமல் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன். கூறாமல் விட்டதை இங்கே கூறிவிடுகிறேன். சற்றுக் காரமாக இருந்தால் பொறுத்தருள்க.

முதலில் அந்தத் தந்தையார் பக்கம் உள்ள நியாயத்தை ஒப்புக்கொள்கிறேன். தோட்டத்தில் பால் மரம் வெட்டிய குடும்பம் அது. பிள்ளை படித்து வேலைக்குப் போனால்தான் வீட்டுக்கடன் அடையும். அவர் வேலையைப் பற்றிக் கேட்பது குற்றமே இல்லை. ஆனால் அவர் கேட்டது வேலையைப் பற்றி மட்டும் அன்று. ‘பாட்டி வேடம்’ என்றாரே, அந்த ஏளனத்தில்தான் வழக்கு இருக்கிறது. மொழி மாணவர் நாடகம் போடுவதும், கவிதை மொழிபெயர்ப்பதும், நாவலைப் பற்றி வாதிடுவதும் பொழுதுபோக்கு. தேர்வுத் தாளில் வாங்கும் புள்ளிகளே சாதனை. இதுவே அவருடைய நம்பிக்கை. நம்முள் பெரும்பாலோரின் நம்பிக்கையும் இதுவே.

இலத்தீன் தாய் ஈன்ற பிரஞ்சு, எசுபானியம், இத்தாலியம், போர்த்துகீசியம், உருமேனியம் முதலியவற்றை உரோமானிய மொழிகள் என்பர். உலகெங்கும் பல்கலைக்கழகங்களில் இவற்றுக்கெனத் துறைகள் உள்ளன. நம் நாட்டிலும் மலாயாப் பல்கலைக்கழகத்தின் மொழி, மொழியியல் புலத்தில் பிரஞ்சும் எசுபானியமும் இத்தாலியமும் தமிழோடு ஒரே கூரையின்கீழ்ப் பட்டப் படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றன. ஒரே கூரை என்பதை நினைவில் வையுங்கள். ‘எசுபானியம் படித்து என்ன செய்வாள்’ என்று இன்று கேட்பவர், நாளை அடுத்த அறையில் அமர்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்துத் ‘தமிழ் படித்து என்ன செய்வாள்’ என்று கேட்பார். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

இத்தகைய துறைகள் தங்கள் மாணவர்களின் சாதனை என்று எதைச் சொல்லிக்கொள்கின்றன? எனக்குப் பெரிதும் பிடித்த எடுத்துக்காட்டு போலந்து நாட்டிலிருந்து வருகிறது.

பிரான்சில் கோன்கூர் என்று ஓர் இலக்கியப் பரிசு உண்டு. 1903 முதல் வழங்கப்படுகிறது. பத்துப் பேர் கொண்ட குழுவினர் பாரிசு நகரத்து உணவகம் ஒன்றில் கூடி ஆண்டின் சிறந்த நாவலைத் தேர்கின்றனர். பரிசுத் தொகை வெறும் 10 யூரோ! ஆனால் பரிசு பெற்ற நூல் இலட்சக்கணக்கில் விற்கும். 1988இல் இப்பரிசுக்கு ஒரு கிளை தோன்றியது. அந்நாட்டு உயர்நிலைப் பள்ளி மாணவர் ஏறத்தாழ 2000 பேர், பட்டியலில் உள்ள நாவல்களை இரண்டே மாதத்தில் வகுப்புத் தோழர்களோடு படித்து, வாதிட்டு, தங்களுக்குப் பிடித்த நூலுக்குத் தனிப்பரிசு தருகின்றனர்.

1998இல் போலந்து ஒரு படி மேலே சென்றது. பிரஞ்சைத் தாய்மொழியாகக் கொள்ளாத, அதை அயல்மொழியாகக் கற்கும் போலந்துப் பல்கலைக்கழக மாணவர்கள் அதே பட்டியலில் உள்ள நாவல்களைப் பிரஞ்சிலேயே படிக்கத் தொடங்கினர். ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் மாணவர் நடுவர் குழு கூடும். பின்னர்ப் பேராளர்கள் ஒன்றுகூடி, ‘போலந்தின் தேர்வு’ என ஒரு நூலை அறிவிப்பர். பாரிசு நடுவர்கள் தேர்ந்த நூலையே இவர்களும் தேர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வேறு நூலைத் தேர்ந்த ஆண்டுகளும் உண்டு. இவ்வழக்கம் பின்னர் உருமேனியா, மத்தியக் கிழக்கு எனப் பரவி, அண்மை ஆண்டுகளில் இந்தியாவையும் எட்டியிருக்கிறது.

இதன் பொருள் என்ன என்று சற்றே எண்ணிப் பாருங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ‘என் பெயர் இன்னது, எனக்கு இத்தனை அகவை’ என்று தட்டுத்தடுமாறிய இருபது அகவைப் பிள்ளை, அயலார் மொழியில் எழுதப்பட்ட நானூறு பக்க நாவலைப் படித்துவிட்டு, அம்மொழியிலேயே எழுந்து நின்று, ‘உங்கள் பெரியவர்கள் புகழும் நூல் எனக்கு நிறைவளிக்கவில்லை, காரணம் இது’ என்கிறாள். அம்மொழிக்காரர்கள் காதுகொடுத்துக் கேட்கின்றனர். இதற்கு மேல் ஒரு மொழி மாணவர் சாதிக்க வேண்டியது என்ன இருக்கிறது? இதற்குச் சுழற்கிண்ணம் கிடையாது. அறிக்கை அட்டையில் இதற்கென ஒரு கட்டமும் கிடையாது.

இதைப் படித்தபோது என் வகுப்பறையை எண்ணிக் கூசினேன். பின்னர் ஒரு நாள், செய்து பார்த்தால் என்ன என்று துணிந்து, ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் ஐந்து சிறுவர் கதை நூல்களைக் கொடுத்தேன். இரண்டு வாரம் மாற்றி மாற்றிப் படிக்கச் சொன்னேன். மூன்றாம் வாரம் வட்டமாக உட்கார வைத்து, “எந்தக் கதை உங்களுக்குப் பிடித்தது? எது பிடிக்கவில்லை? ஏன்?” என்று கேட்டேன்.

வகுப்பு அமைதியாக இருந்தது. நெடுநேரம் கழித்து, எப்போதும் முதல் நிலையில் வரும் பிள்ளை கையை உயர்த்தினான். “ஐயா, எது சரியான விடை?”

மாநில நிலைப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவன் அவன்! ஐந்து நிமிடம் மூச்சு விடாமல் தமிழில் முழங்கத் தெரிந்த பிள்ளைக்கு, ‘எனக்கு இது பிடிக்கவில்லை’ என்று தமிழில் சொல்ல வாய் வரவில்லை. அந்த முழக்கத்தை எழுதிக் கொடுத்தவன் நான். ஏற்ற இறக்கம் சொல்லிக் கொடுத்தவனும் நான். ஆகவே இந்தக் குற்றச்சாட்டில் முதல் எதிரி நான்தான். பிறரைச் சாடுமுன் இதைச் சொல்லிவிட வேண்டும் அல்லவா?

ஐரோப்பிய மன்றம் 2001இல் மொழித்திறனை ஆறு நிலைகளாக வகுத்து ஒரு வரையறை வெளியிட்டது. பிரஞ்சு, எசுபானியத் தகுதித் தேர்வுகள் இன்று அதையே அளவுகோலாகக் கொள்கின்றன. அதன் சிறப்பு, ஒவ்வொரு நிலையையும் ‘கற்பவர் இதைச் செய்ய வல்லவர்’ என்னும் வாய்பாட்டில் சொல்வது. தொடக்க நிலையில், தம்மை அறிமுகம் செய்துகொள்ள வல்லவர். நான்காம் நிலையில், நாட்டு நடப்பு ஒன்றில் தம் கருத்தை விளக்கி, பல்வேறு வழிகளின் நன்மை தீமைகளை எடுத்துரைக்க வல்லவர். இத்தனை புள்ளி என்று அங்கே எழுதியிருக்கவில்லை. என்ன செய்ய வல்லவர் என்பதே கேள்வி. நம் பிள்ளைகள் ஆறாம் ஆண்டை முடிக்கும்போது தமிழில் என்ன செய்ய வல்லவர்கள்? அடுத்த கூட்டத்தில் இதை யாராவது கேளுங்கள். சிரிப்பு எழாது.

இனிப் பண்பாட்டு நடவடிக்கைக்கு வருவோம். இங்கே உரோமானிய மொழித் துறைகளையும் நான் தப்பவிடப் போவதில்லை. அங்கும் வேடிக்கைகள் நடக்கின்றன. ஒரு மாலை, நான்கு வகைப் பாலாடைக்கட்டி, பின்னணியில் துருத்திப்பெட்டி இசை, சுவரில் ஐபெல் கோபுரப் படம். இதைப் பிரஞ்சுப் பண்பாட்டு விழா என்பார்கள். அகன்ற வைக்கோல் தொப்பி அணிந்து படம் எடுத்துக்கொண்டால் மெக்சிக்கோ விழா! பொங்கல் விழா என்று சொல்லி, மூன்று திரைப்பட ஆடலையும் ஓர் உறியடியையும் வைத்து முடித்துவிடும் நமக்கும் அவர்களுக்கும் வேறுபாடு ஒன்றும் இல்லை. மொழி வாயில் நுழையாத விழா எந்த நாட்டில் நடந்தாலும் அது வெறும் ஒப்பனை.

ஆயினும் அவர்களிடம் வேறு ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் மிடில்பரி என்னும் கல்லூரி, 1915 முதல் கோடைக்கால மொழிப் பள்ளி நடத்தி வருகிறது. பிரஞ்சுப் பள்ளி 1916இலும் எசுபானியப் பள்ளி 1917இலும் தொடங்கின. சேருகின்ற மாணவர் ஓர் உறுதிமொழியில் கையொப்பம் இடுவர்: பயிற்சி முடியும்வரை கற்கும் மொழியைத் தவிர வேறு மொழி பேசுவதில்லை. வகுப்பில் மட்டும் அன்று. உணவுக்கூடத்தில், பந்தாட்டத்தில், துணி துவைக்கும் இடத்தில், சண்டையில்கூட! நாடகமும் பாட்டும் அங்கே பாடத்திற்கு இடையிலான ஓய்வு அல்ல. மொழி புழங்குவதற்கு வேறு வழி இல்லாததால் அவையே பாடம்.

நம் பள்ளிகளின் ஆசிரியர் அறைக்குள் ஒரு மணி நேரம் அமர்ந்து காது கொடுங்கள். தமிழாசிரியரும் தமிழாசிரியரும் என்ன மொழியில் பேசிக்கொள்கின்றனர்? ‘டீச்சர், அந்த போராங் சப்மிட் பண்ணியாச்சா?’ தமிழ் சொல்லிக்கொடுப்பவர்கள் நாம். ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளைக் காக்க வேண்டும் என்று மேடைதோறும் குரல் கொடுப்பவர்கள் நாம். இதைவிடக் கடுமையாக எழுதக் கை வருகிறது, நிறுத்திக்கொள்கிறேன்.

“கைப்பேசியே மொழிபெயர்த்துவிடுகிறதே, இனி எதற்கு மொழித் துறை?” என்று அன்று இன்னொருவரும் கேட்டார். இந்தக் கேள்வி தேநீர் மேசையோடு நின்றுவிடவில்லை. 2023இல் அமெரிக்காவின் மேற்கு வெர்ஜீனியாப் பல்கலைக்கழகம், 4 கோடியே 50 இலட்சம் டாலர் பற்றாக்குறையைக் காரணம் காட்டி, தன் உலக மொழிகள் துறையை முழுமையாகக் கலைக்கத் திட்டமிட்டது. மொழி கற்க விரும்புவோர்க்கு இணையச் செயலி வழியாக ஏற்பாடு செய்வது பற்றி ஆராயலாம் என்றது. மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியேறி மறியல் செய்தனர். ஆனாலும் அவ்வாண்டு செப்டம்பரில் ஆட்சிக்குழு 28 பட்டப் படிப்புகளையும் 143 ஆசிரியர் பணியிடங்களையும் நீக்க வாக்களித்தது. மொழிப் பட்டங்கள் போயின. எசுபானியத்திலும் சீனத்திலும் விருப்பப் பாட வகுப்புகள் சில எஞ்சின.

அந்தத் துறையின் மாணவர்களும் அயல்நாடு சென்றிருப்பர், உபகாரச் சம்பளம் பெற்றிருப்பர், நாடகம் போட்டிருப்பர். கணக்கு எழுதும் கைக்கு அவை தெரியவில்லை. மாணவர் எண்ணிக்கையும் வரவு செலவும் மட்டுமே தெரிந்தன. ‘பாட்டி வேடம் போடவா பல்கலைக்கழகம்’ என்று ஆட்சிக்குழுவினர் வாய்விட்டுக் கேட்டிருக்க மாட்டார்கள். அவர்கள் எடுத்த முடிவின் உட்பொருள் அதுதான். நம் ஊர்த் தந்தையாரின் நகைச்சுவையும் அவர்களின் வாக்கும் ஒரே கிளையில் காய்த்தவை.

அமெரிக்காவில் மாணவர்கள் மொழிகளைக் கைவிடுகின்றனர் என்பதும் உண்மை. அந்நாட்டு நவீன மொழிச் சங்கத்தின் கணக்கெடுப்பின்படி, 2016க்கும் 2021க்கும் இடையில் கல்லூரிகளில் அயல்மொழி பயில்வோர் தொகை 16.6 விழுக்காடு வீழ்ந்தது. பிரஞ்சும் எசுபானியமும் அவ்வீழ்ச்சிக்குத் தப்பவில்லை. அதே ஐந்தாண்டில் கொரிய மொழி பயில்வோரோ 38.3 விழுக்காடு உயர்ந்தனர்! கொரிய மொழியில் வேலை கிடைக்கும் என்று எண்ணியா அத்தனை இளையோர் போய்ச் சேர்ந்தனர்? பாட்டுக் கேட்டார்கள், தொடர் பார்த்தார்கள், அந்த வாழ்க்கைக்குள் நுழைய ஆசைப்பட்டார்கள். நம் வீட்டுப் பெண்பிள்ளைகளே கொரியச் சொற்களை உதிர்ப்பதை நாம் கேட்கவில்லையா? பண்பாட்டு நடவடிக்கை வீண் என்பவர்கள் இந்த எண்ணுக்கு என்ன விளக்கம் தருவார்கள்?

இன்னொன்று. தமிழன் பிள்ளைக்கு எசுபானியமும் போர்த்துகீசியமும் எதற்கு என்ற தொனியும் அந்தச் சிரிப்பில் இருந்தது. இதற்கு விடை நம் சொந்த வரலாற்றிலேயே கிடக்கிறது.

தமிழ்ச் சொற்களைத் தாங்கி முதன்முதலில் அச்சான நூல் எங்கே வெளிவந்தது? சென்னையிலா? இல்லை. 1554இல் போர்த்துகலின் தலைநகர் இலிசுபனில்! தமிழை உரோமன் எழுத்தில் பெயர்த்தெழுதி, போர்த்துகீசிய மொழியோடு சேர்த்து அச்சிட்ட சமயச் சிறுநூல் அது. தமிழ் எழுத்திலேயே அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. அதைத் தமிழாக்கிய அண்டிரிக்கு அடிகளார் போர்த்துகீசியர். 1679இல் அந்தாம் தெ புரொயென்சா என்ற பாதிரியார் தொகுத்த தமிழ் - போர்த்துகீசிய அகராதி அச்சேறியது. சதுரகராதி தந்த வீரமாமுனிவர் இத்தாலியர்.

அந்த இலிசுபன் நூலைத் தமிழுலகின் கண்முன் கொண்டுவந்து நிறுத்தியவர் தனிநாயகம் அடிகளார். புரொயென்சாவின் அகராதியை மறுபடியும் பதிப்பித்தவரும் அவரே. எங்கே? நம் கோலாலம்பூரில், 1966இல்! முதலாம் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு இங்கே நடைபெற்ற அதே ஆண்டில், மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைவராக இருந்தபோது செய்தார். உரோமில் படித்தவர்; உரோமானிய மொழிகளைக் கற்றவர். போர்த்துகீசியம் படித்து என்ன செய்வாய் என்று அவரிடம் யாரோ கேட்டு, அவரும் வெட்கி விட்டுவிட்டிருந்தால், நம் அச்சு வரலாற்றின் முதல் பக்கத்தை நாம் எப்படிப் படித்திருப்போம்? ஐரோப்பிய ஆவணக் கூடங்களில் தமிழைப் பற்றி இன்னும் எத்தனை ஏடுகள் போர்த்துகீசியத்திலும் இலத்தீனிலும் பிரஞ்சிலும் உறங்குகின்றன! அவற்றை எழுப்ப நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் ஆயத்தமாகிறார்கள்?

இவ்வளவு தொலைவு போகவும் வேண்டாம். வகுப்பறையைச் சுற்றிப் பாருங்கள். ஜன்னல், அலமாரி, சாவி, மேசை. எல்லாம் போர்த்துகீசியச் சொற்களின் பேரப்பிள்ளைகள். (சாளரம் என்றும் திறவுகோல் என்றும் எழுதுமாறு என் மாணவர்களை வற்புறுத்துபவன்தான் நான். அது வேறு வழக்கு.) மலாய் மொழியில் அவையே ஜெண்டெலா, அல்மாரி, மேஜா. 1511இல் மலாக்காவில் இறங்கிய கப்பல்கள் இரு மொழிகளிலும் ஒரே சரக்கை இறக்கிவிட்டுச் சென்றுள்ளன. இதை ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள். கண்கள் விரிவதைக் காண்பீர்கள். என் பழைய மாணவி இதே சொற்களுக்குரிய எசுபானிய உறவுகளைச் சொன்னபோது என் கண்களும் விரிந்தன. மேசைக்கு எசுபானியத்திலும் ‘மெசா’தான்.

என் ஐந்து நூல் முயற்சி என்னவாயிற்று என்று கேட்பீர்கள். ‘சரியான விடை இல்லை’ என்று சொல்லிச் சொல்லி, நான்காம் வாரத்தில் ஒரு சிறுமி வாய் திறந்தாள். எப்போதும் பின்வரிசையில் அமர்பவள். தேர்வில் ‘சி’ வாங்குபவள். “அந்தக் கதையில வர்ற அம்மா எதுக்குமே கோபப்படல, ஐயா. அப்படி ஓர் அம்மா இருக்க மாட்டாங்க. அதனால எனக்குப் பிடிக்கல” என்றாள். வகுப்பு இரண்டாகப் பிளந்தது. பாதிப் பேர் அந்த அம்மாவின் கட்சி, பாதிப் பேர் இவள் கட்சி. மணி அடித்தது யாருக்கும் கேட்கவில்லை. மறுநாள், தேர்வு நெருங்கும் நேரத்தில் கதைப் புத்தகம் எதற்கு என்று ஒரு பெற்றோரிடமிருந்து புகார் வந்தது. அதுவும் நடந்தது.

பரிசளிப்பு விழா வருகிறது. அச்சிறுமியும் அவள் தோழியரும் மேடையேறி, தங்களுக்குப் பிடித்த கதை எது, பிடிக்காதது எது என்று பெற்றோர் முன்னிலையில் வாதிடப் பத்து நிமிடம் வேண்டும் என்று ஏற்பாட்டுக் குழுவிடம் கேட்டேன். நிகழ்ச்சி நிரலில் இடம் இல்லை என்றார்கள். ஆடல்கள் எத்தனை என்று கேட்டேன். ஆறு. அவற்றுள் ஒன்றை விட்டுத்தர எந்த வகுப்பாசிரியராவது முன்வந்தால், அந்த ஆடலுக்குத் தைத்த உடைகளின் செலவை என் கையிலிருந்து தந்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை வரை காத்திருப்பேன்.